வெயிலில் பின்தங்கிய ஊர்

திருத்தணியில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை 1982-ஆம் ஆண்டில் அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்பியது. ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பங்குனி மாத மதியத்தில் செருப்பில்லாமல் மலைப்படி ஏறுகிறவர்கள் இந்த விஷயத்தைப் பற்றி நிறையவே பேசுவார்கள். ஆனால் அவர்கள் பேசுவது கோப்பில் வைக்கத் தகுந்த மொழியில் இருப்பதில்லை.

விஷயம் தொடங்கியது ஆர்.கே.பேட்டை சாலையில் இருந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சாயச்சாலையில். நூலுக்குச் சாயம் ஏற வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகு எரிந்தால் புகை வரும். அந்தப் புகையில் நின்று சாயச்சாலையை நடத்தி வந்தவள் ரத்தினம்மாள். எந்த நிறத்தை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதில் அவளுக்கும் மற்றப் பெண்களுக்கும் தினம் சண்டை நடக்கும். குரல் பெரியது என்பதால் அவளே ஜெயிப்பாள். அந்த வருஷம் கண் டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "புகையை விட்டா பார்வை நிக்கும். விடலைன்னா நான் பொறுப்பில்லை."

பெல்பாட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சூரிய சக்தி ஏறிக்கொண்டிருந்தது. மெட்ராஸில் இரண்டு அதிகாரிகள் சந்தித்துக்கொண்டால் மூன்றாவது வார்த்தை சூரிய சக்தியாக இருந்தது. சூரிய வெப்பப் பயன்பாட்டு இயக்ககம் என்று ஓர் அலுவலகமே பிறந்திருந்தது. கூரைமேல் கண்ணாடி போட்ட கறுப்புத் தகடுகளை வைத்து, அதன் கீழே குழாயில் தண்ணீரை ஓடவிட்டால், வெயிலே வெந்நீர் போட்டுத் தந்துவிடும் என்று அது அறிவித்தது. ஊரில் அதற்கு 'வெயில் அடுப்பு' என்று பெயர் வைத்தார்கள். சங்கத்தின் செயலாளர் துளசிங்கம் ஒன்று கேட்டு விண்ணப்பம் போட்டார். அவர் ரத்தினம்மாளின் அக்காள் புருஷன்.

இயக்ககம் பதில் எழுதியது. அடுப்பு தருவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அடுப்புக்குப் போதுமான வெயில் திருத்தணியில் கையிருப்பில் உள்ளதா என்பது முதலில் அளக்கப்பட வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வாடகைக்கு எடுக்கப்பட்டது. மொட்டைமாடியின் நடுவே சிமெண்டுத் திட்டு கட்டி, அதன்மேல் கதிர்வீச்சுமானி பொருத்தப்பட்டது. உருண்டையான கண்ணாடிக் குமிழ், உள்ளே ஒரு கறுப்புத் தட்டு. தட்டு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்குக் கீழறையில் உள்ள முள் ஏறும். முள் காட்டுவதை மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்கு மூன்று பேர் நியமிக்கப்பட்டார்கள். கண்காணிப்பாளர் கஜபதி, கால்நடைக் கணக்கெடுப்பில் ஆடுகளை எண்ணிய அனுபவம் உள்ளவர். பௌதிகம் படித்த மனோரமா, தற்காலிக உதவியாளர். அவள் பேசுவது அடுத்த நாற்காலிக்கே கேட்காது. "என்னம்மா?" என்று கஜபதி கேட்டால், இரண்டாம் முறை சொல்லும்போது பாதியைக் குறைத்துக்கொள்வாள். மூன்றாவது, பெருக்கித் துடைக்கும் குப்பம்மாள். அலுவலக உத்தியோகத்துக்கு வருவதற்கு முன்னால் மலைமேல் முடி இறக்கும் இடத்தில் இருந்தவள். புதிதாகச் சிரைத்த தலைகளில் சந்தனம் பூசிவிடுவதே அங்கே அவள் வேலை.

முதல் மாதத்திலேயே ஒரு சங்கடம் வந்தது. திருத்தணியில் எவ்வளவு வெயில் விழ வேண்டும் என்பதை மெட்ராஸில் சடகோபன் என்ற பொறியாளர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அட்சரேகை, பகல் நேரம், மேகம் எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டு அவர் செய்த கணக்குக்கு 'மாதிரி' என்று பெயர். வெயில் அந்த மாதிரியை மீறி அதிகமாக விழுந்துவிட்டது. 'கணக்கிடப்பட்ட அளவுக்கு மேல் வெயில் பெறப்பட்டது எங்ஙனம் என்பதை உடன் விளக்கவும்' என்று கடிதம் வந்தது. கஜபதி தயங்கவில்லை. 'இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ளப்படும்' என்று பதில் எழுதினார். அப்படிப் பார்த்துக்கொள்ள முடியும் என்று அப்போது அவருக்கே தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. டைப்ரைட்டர், ரப்பர் ஸ்டாம்பு, கஜபதியின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது.

"மேல இருக்கிற மிஷினுக்கும் வெச்சிடு குப்பம்மா, அது மட்டும் இன்னா பாவம் பண்ணுது" என்றார் கஜபதி.

குப்பம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு மாடி ஏறினாள். கொளுத்தும் வெயிலில் வழவழவென்று ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தது. முடி இறக்கிய தலை போலவே இருந்தது. கிண்ணத்தில் இருந்ததைக் குழைத்து, முன்னாலிருந்து பின்னாக, காதோரம் விடாமல் பூசிவிட்டு இறங்கிவிட்டாள்.

விடுமுறை முடிந்து வந்த மனோரமா, முள் கிடந்த இடத்தைப் பார்த்து விடியற்காலை என்று நினைத்தாள். வெளியே உச்சி வேளை. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கஜபதியின் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், கண்ணாடி மேல சந்தனம் இருக்கு."

"பூஜை போட்டா சந்தனம்தானே இருக்கும்?"

"முழுக்க இருக்கு சார். வெயில் உள்ள போகல."

"குப்பம்மா!"

"ஆங், வந்துகினே கீறேன்ங்க."

"மிஷினுக்கு இன்னா பண்ணே?"

"மொட்டைக்கு இன்னா பண்ணுவாங்களோ அதான்ங்க. நாள்பூரா வெயில்லியே குந்திகினு இருக்குது. இப்ப சும்மா ஜில்லுனு இருக்கும்."

"அது ஜில்லுனு இருக்கக் கூடாது" என்றாள் மனோரமா.

"பின்ன கொதிக்கணுமா? வாயில்லாத ஜீவன்மா அது."

மனோரமா ஈரத்துணியை எடுத்தாள். கஜபதி கையை உயர்த்தினார். கண்ணாடிக் குமிழைத் தலைமையகப் பொறியாளர் தவிர எவரும் தொடலாகாது என்று விதி இருந்தது.

"குப்பம்மா தொட்டாங்களே சார்?"

"குப்பம்மா தொட்டது பூஜைக்கு. நீ துடைக்கிறது ஆபீசுக்கு. ஆபீசுன்னு வந்தா விதியும் வந்துடும்மா."

எனவே அனுமதி கேட்டு மெட்ராஸுக்கு எழுதப்பட்டது. சந்தனம் என்று எழுதுவது அலுவலகக் கௌரவத்துக்கு உகந்ததாக இல்லை. 'கருவியின் மேற்பரப்பில் சமயம் சார்ந்த படிவு ஒன்று காணப்படுகிறது. அகற்ற ஆணை வேண்டப்படுகிறது' என்று எழுதினார் கஜபதி.

கடிதம் தபால் குவியலில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அளவுகள் மட்டும் வாராவாரம் மேலே வந்தன. வெயில் திடீரென்று மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டதைச் சடகோபன் கண்டார். முதலில் திகைத்தார். பிறகு சிந்தித்தார். திருத்தணியில் மலை இருக்கிறது. மலைக்கு நிழல் இருக்கிறது. கற்பூரப் புகை இருக்கிறது. காவடிக் கூட்டம் கிளப்பும் புழுதி இருக்கிறது. இவை அனைத்தையும் சேர்த்து ஓர் எண்ணாகப் பிழிந்து அதற்குத் 'திருத்தணிக் கெழு' என்று பெயர் சூட்டினார். அதனால் பெருக்கியதும் மாதிரியும் அளவும் அண்ணன் தம்பிபோல ஒட்டிக்கொண்டன. மார்கழியில் பெங்களூர் மாநாட்டில் கட்டுரை படித்தார். ஒரு பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பி வந்துதான் கடிதத்தைப் பிரித்தார். மறுநாள் காலை ரயிலிலேயே திருத்தணியில் வந்து இறங்கினார்.

மாடியில் நால்வரும் நின்றார்கள். சந்தனம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. உதிர்ந்தால் பார்க்க நன்றாக இருக்காதென்று குப்பம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பித்து வந்தாள்.

"இது எப்போலேருந்து?" என்றார் சடகோபன்.

"ஆயுத பூஜையிலேருந்து சார்."

"கட்டுரை அச்சாயிடுத்தே."

கீழே பஸ் கண்டக்டர் ஒருவர் "திருப்பதி, திருப்பதி" என்று கூவிக்கொண்டிருந்தார்.

"துடைச்சிடட்டுமா சார்?" என்றாள் மனோரமா.

"துடைச்சா வெயில் ஏறும்."

"ஆமா சார்."

"ஏறினா கெழு போயிடும். கெழு போனா கட்டுரை போயிடும். கட்டுரை போனா இந்த ஆபீஸ் எதுக்குன்னு கேப்பா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. உண்மையை அளக்கறது ஒரு வேலை. அளந்ததைக் காப்பாத்தறது இன்னொரு வேலை. நாம இப்போ ரெண்டாவது கட்டத்துல இருக்கோம்."

'தற்போதைய நிலையே தொடர வேண்டும்' என்று ஆணை பிறந்தது. கருவிப் பராமரிப்புத் தலைப்பின் கீழ் மாதாமாதம் சந்தனமும் அனுமதிக்கப்பட்டது.

பங்குனியில் சங்கத்துக்கு முடிவு வந்தது. திருத்தணியில் போதிய வெயில் இல்லாமையால், சாயச்சாலை வெயில் அடுப்புக்குத் தகுதி பெறவில்லை. துளசிங்கம் அதை வாசித்துக் காட்டியதும் ரத்தினம்மாள் சாயக்கையைக்கூடக் கழுவாமல் கஜபதியின் ஆபீசுக்குக் கிளம்பினாள். ஒரு கை நீலம், ஒரு கை சிவப்பு. துளசிங்கம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"யார்ங்க எழுதினது, எங்க ஊர்ல வெயில் இல்லன்னு?"

"இல்லன்னு எழுதலம்மா. போதாதுன்னு எழுதியிருக்குது" என்றார் கஜபதி.

"வெளிய வந்து செத்த நேரம் நில்லுங்க பார்க்கலாம்."

"எதுக்கு?"

"நிக்க முடியலன்னா வெயில் இருக்குதுன்னு அர்த்தம்."

"அது அனுபவம்மா. அனுபவத்தை எந்தக் கட்டத்துல எழுதறது? இங்க அளவுதான் பேசும்."

"அந்த அளவு பேசற லட்சணத்தை நானும் பார்க்கறேன்" என்று மாடிப்படி ஏறினாள். தடுக்க யாருக்கும் துணிவில்லை. மேலே போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? யாரோட வேண்டுதல்?"

"சமயம் சார்ந்த படிவு" என்றார் கஜபதி.

"சந்தனத்தை அப்பி வெச்சிகினு வெயில் இல்லன்னு எழுதறீங்களே, என் கண்ணுலியும் கொஞ்சம் அப்பிட்டு குருடின்னு எழுதிடுங்களேன்! வேல சுளுவா முடிஞ்சிடும். ஏம்மா படிச்ச பொண்ணு, நீயாவது சொல்லக் கூடாதா?"

மனோரமா ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

ரத்தினம்மாள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு குமிழை நோக்கிக் கையை நீட்டினாள். அப்போது கடிதத்தின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்த துளசிங்கம், "ரத்தினம், தொடாத!" என்று கத்தினார்.

"ஏன் பாவா?"

"கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு. 'வெயிலில் பின்தங்கிய வட்டங்களுக்குச் சிறப்பு உதவி வழங்கப்படும்.' நாம பின்தங்கிட்டோம்மா! ஒரு தகடு கேட்டு அலையறோமே, இதுல மூணு தகடு தருவான். வெயில் கொறச்சல்னா தகடு ஜாஸ்தியாதானே வேணும்?"

ரத்தினம்மாள் யோசித்தாள். கணக்கு சரியாகத்தான் பட்டது. நீலக் கையும் சிவப்புக் கையும் குமிழுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. பிறகு கீழே இறங்கின.

"நிஜமா அடுப்பு வருமா பாவா?"

"அதைவிட்டா வேற இன்னா தருவான்?"

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை தன்னுடைய வெயிலைப் பற்றி ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்த ஊர், ஒரே நாளில் வெயில் இல்லாத ஊராயிற்று. டீக்கடையில், "காலையில கொஞ்சம் குளிரா இருந்தாப்பல இல்ல?" என்று ஒருவர் கேட்டார். "போர்வை தேவைப்பட்டுச்சு" என்றார் இன்னொருவர். விஷயம் பரவியதும் அக்கம்பக்கத்துக்குப் பொறாமை வந்தது. திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயிகள் தங்கள் கரும்பு நிழலிலேயே விளைவதாக மனு கொடுத்தார்கள். ஆர்.கே.பேட்டைக்காரர்கள் தங்களைப் புறக்கணித்துவிட்டுத் திருத்தணிக்கு மட்டும் வெயில் பற்றாக்குறை வழங்கப்பட்டதைக் கண்டித்து நடுப்பகலில் ஊர்வலம் போனார்கள். ஊர்வலத்தில் பலருக்கு உள்ளங்கால் கொப்பளித்தது. கோரிக்கையிலிருந்து யாரும் பின்வாங்கவில்லை.

சிறப்பு உதவியை முடிவு செய்ய ஓர் ஆய்வுக்குழு வரும் என்று அறிவிப்பு வந்தது. வரும் நாள், அக்னி நட்சத்திரத்தின் நட்ட நடுவில் அமைந்தது.

துளசிங்கம் சங்கத்தில் கூட்டம் போட்டார்.

"யாரும் குடை பிடிக்கக் கூடாது. நுங்கு வண்டி, மோர்ப் பந்தல் எதுவும் கண்ணுல படக் கூடாது. மாடியில வடகம் காயப்போடறவங்க எடுத்துடணும்."

"எங்க போடறது?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"உள்ள போடுங்க."

"உள்ள எப்படிக் காயும்?"

"காயலன்னா நல்லது. சாட்சி."

அன்றிலிருந்து ஊரே ஊருக்குக் காவல் காத்தது. மிளகாய் காயவைத்த ஒரு வீட்டின்மேல் அக்கம்பக்கத்தார் சண்டைக்குப் போனார்கள். பஸ் நிலையத்தில் கறுப்புக் குடையோடு இறங்கிய ஒருவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்த ஊருங்க?"

"சித்தூரு."

"அப்ப சரி. ஆந்திரா வெயிலுக்கு எடுத்தாந்தது. மடிச்சிகினு போங்க."

குழு வந்தது. ஜீப்பிலிருந்து முதலில் இறங்கிய தலைவரைப் பார்த்து எல்லோரும் ஒரு கணம் விழித்தார்கள். காலையிலேயே மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வந்திருந்தார்.

"அப்பப்பா, என்ன ஒரு..." என்று அவர் தொடங்கினார்.

"புழுக்கம்ங்க" என்றார் கஜபதி அவசரமாக.

"ஆமாம். புழுக்கம்."

சாலையைக் கடக்கும்போது தாரில் அவர் செருப்பு ஒட்டிக்கொண்டது. "இப்பதான் ரோடு போட்டாங்கோ, இன்னும் காயல. வெயில் இல்ல பாருங்க" என்று துளசிங்கம் விளக்கினார். உறுப்பினர் ஒருவர் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் விரதம் இருப்பதாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. வழிநெடுக ஜனங்கள் குடையில்லாமல், துண்டில்லாமல், செருப்பில்லாமல்கூட நின்று, முகம் முழுக்க வேர்வை ஓட, புன்னகையோடு கும்பிட்டார்கள். முன்வரிசையில் ரத்தினம்மாள் நின்றாள். அவள் கைகள் அன்று கழுவப்பட்டிருந்தன.

மாடியில் தலைவர் கதிர்வீச்சுமானியின் முன் நின்றார். சந்தனம் பூசிய குமிழை வெகுநேரம் பார்த்தார். கீழறையில் முள் சோம்பலாகப் படுத்திருந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் ஏறி வந்திருந்தார்.

"இது என்ன, மேலே?"

"உள்ளூர் நிலவரம் சார்" என்றார் குழுவோடு வந்திருந்த சடகோபன்.

தலைவர் யோசனையோடு தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"என் தலையும் இந்த நேரத்தில் ஜில்லென்றுதான் இருக்கிறது. இரண்டு தனித்தனி அளவீடுகள் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. நீங்கள் சொல்வது சரி. இங்கே வெயில் போதாது."

கையெழுத்துப் போட்டுவிட்டு, நிழலைத் தேடி ஜீப்புக்கு ஓடினார்.

பத்தே நாளில் அரசாணை வந்தது. இவ்வளவு விரைவாக எந்த ஆணையும் அந்த ஊருக்கு வந்ததில்லை. திருத்தணி வட்டம் வெயிலில் பின்தங்கியதாக அறிவிக்கப்பட்டது. பட்டாசு வெடித்தார்கள். சங்கத்தின் வாசலில் தோரணம் கட்டினார்கள். சிறப்பு உதவியை ஏற்றிக்கொண்டு லாரி வருகிறது என்றதும் ரத்தினம்மாள் கூரையைப் பெருக்கி, தகடு வைக்க இடம் ஒழித்து வைத்தாள்.

லாரி வந்தது. அதில் விறகு இருந்தது. கூடவே கஜபதியும் வந்திருந்தார்.

"தகடு பின்னால வர்ற லாரியிலயா?" என்று கேட்டாள் ரத்தினம்மாள்.

"பின்னால வர்ற லாரியிலயும் விறகுதான். வருஷா வருஷம் வரும். பாதி விலை."

"அடுப்பு?"

"வெயில் இல்லாத ஊருக்கு வெயில் அடுப்பு எதுக்கும்மா?" என்று அவர் அன்போடு சொன்னார். "உங்க கோரிக்கையை அரசாங்கம் முழுசா ஏத்துக்கிச்சு."

அவள் துளசிங்கத்தைப் பார்த்தாள். அவர் விறகைப் பார்த்தார். ஊரில் மற்றவர்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை. பாதி விலைக்கு விறகு என்றால் வீட்டுக்கு வீடு கிடைக்கும் அல்லவா?

விறகு பச்சையாக இருந்தது. கையை வைத்தால் ஈரம் ஒட்டியது. ரத்தினம்மாள் ஒரு கட்டையை இழுத்து முற்றத்தில் போட்டாள். நாலு பேர் ஓடிவந்தார்கள்.

"இன்னா பண்றே அக்கா? வெயில்ல காயப்போடறியா?"

"ரெண்டு நாள் போட்டா காஞ்சிடும்."

"காஞ்சா வெயில் இருக்குதுன்னு ஆயிடும். ஊரைக் காட்டிக் குடுக்காத. உள்ள எடு."

கட்டை உள்ளே போயிற்று.

மறுநாள் விழா நடந்தது. சடகோபனும் மெட்ராஸிலிருந்து வந்தார். சிறப்பு உதவியின் முதல் அண்டாவுக்கு அவரே தீ மூட்டினார். பச்சை விறகு பொறுமையாகப் புகைந்தது. சாயச்சாலை முழுக்கப் புகை நின்றது. சடகோபன் அழுதார். கஜபதி அழுதார். துளசிங்கம் குலுங்கிக் குலுங்கி அழுதார். வாழ்த்த வந்தவர்களும், தோரணம் கட்டியவர்களும், மனுவோடு வந்திருந்த திருவாலங்காட்டுக்காரர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். பத்திரிகைக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். 'அரசின் சிறப்பு உதவி: ஆனந்தக் கண்ணீரில் திருத்தணி' என்று மறுநாள் வெளிவந்தது.

மனோரமா பத்திரிகையைச் சாயச்சாலைக்கு எடுத்து வந்தாள். ரத்தினம்மாள் அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு கை நீளும் தூரத்துக்கு விலக்கிப் பிடித்தாள். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வாசலில் வெயில் தகதகத்துக்கொண்டிருந்தது.

"இதுல நான் எங்கம்மா நிக்கிறேன்?"

மனோரமா அவள் விரலைப் பிடித்துப் படத்தின்மேல் வைத்தாள்.

"இதோ. நடுவுல."

"ஆங்" என்றாள் ரத்தினம்மாள், விரலை எடுக்காமல். "நல்லாதான் விழுந்திருக்குது."